கசிவு: ஆம்

டல்மா தீவுக்கு மதியப் படகில்
நாங்கள் ஏற்றிப் போனவை:
பதினோரு கடப்பாரை, நான்கு மட்டப்பலகை,
நூல்கண்டு, குடிநீர் அறுபது பெட்டி.
சிமென்ட் இல்லை.
துறைமுகக் காவலர் இரண்டு முறை கேட்டார்,
அணை கட்டப் போகிறவர்கள்
சிமென்ட் இல்லாமலா என்று.

போன கோடையில் கடலில் செம்பாசி படர்ந்து
உப்பெடுக்கும் ஆலையை
நான்கு நாள் மூடிவிட்டார்கள்.
அதற்குப் பிறகுதான் யாருக்கோ
குன்றின் மேற்குச் சரிவு ஞாபகம் வந்திருக்கிறது.

அங்கே ஓர் ஓடை,
வரைபடத்தில்.
நேரில் வெள்ளாடும் யோசித்து இறங்கும் பள்ளம்.
குறுக்கே ஏழு இடங்களில்
எவரோ அடுக்கியதன் மிச்சம்:
இடுப்புயரம், முழங்காலுயரம்,
ஆறாவதில் ஒற்றை வரிசை,
ஏழாவதில் கல் உருண்ட தடம் மட்டும்.

என் வேலை அளப்பது.
நீளம், அகலம், உயரம்,
கன மீட்டருக்கு இத்தனை திர்ஹம்.
வெற்றிடத்துக்குக் காசு கிடையாது.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கிற காற்றைக்
கழித்துவிட்டுத்தான் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.
நூற்றுக்கு முப்பத்தெட்டு.

பொக்லைன் பள்ளத்துக்குள் இறங்கவில்லை.
அதை ஓட்ட வந்த சேவுகன்
கல் சுமக்கிறவன் ஆனான்.
அழகான முகம் வெளியே தெரிய
அவன் வைத்த கல்லை
குல் ஜமீன் காலால் எத்தித் தள்ளினான்.
நீளவாக்கு உள்ளே போக வேண்டுமாம்,
முகம் எப்படி இருந்தால் என்னவாம்.
இருவருக்கும் பொதுவான இந்தியில்
வசவுகள் மட்டுமே சரளம்.
மூன்றாவது வாரம் அதுவும் குறைந்தது.

கார்த்திகையில் ஏழும் முடிந்தன.
முதல் மழைக்குப் பிறகுதான் கடைசித் தவணை.
தினமும் அபுதாபியிலிருந்து போன்:
மழை எப்போது?
நான்தான் தள்ளிப்போடுவது போல.

தை பிறந்து ஒன்பதாம் நாள், பின்னிரவு,
இருபத்திரண்டு நிமிடம்.
போர்வையும் டார்ச்சுமாக ஓடினோம்.
புழுக்கையும் சிப்ஸ் உறையும்
ஒற்றைச் செருப்பும் முன்னால் வர
செம்பழுப்பாய் வந்தது தண்ணீர்.
வந்த வேகத்தில் முதல் அணையில் முட்டி
என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு கணம் நின்றது.
பிறகு எல்லா இடுக்குகளிலும்
விரல் விரலாக வெளியே வந்தது,
ஓடவில்லை, நடந்தது.
ஐந்தாவது அணை மட்டும் இடது மூலையில்
மெல்லச் சரிந்து உட்கார்ந்தது.
அது யார் அடுக்கிய மூலை என்று
இருவருமே சொல்லவில்லை.

காலையில் நகராட்சியிலிருந்து முஸப்பஹ் வந்தார்.
கையில் படிவம்.
கசிவு: ஆம், இல்லை.
ஆம் என்றால் நிராகரி.
செருப்பைக் கழற்றிவிட்டு
நான்காவது அணைக்குக் கீழே மணலில் நடந்தார்.
கணுக்கால் வரை உள்ளே போனது.
"இது தொட்டிக்கு எழுதிய படிவம்" என்றார்.
ஆனாலும் அதில்தான் எழுத வேண்டும் என்றார்.
எழுதினோம்.

மசூதிக்குக் கீழே இருக்கிற கிணற்றில்
உப்பு அளக்கும் கம்பியை இறக்கினேன்.
மழைக்கு முன் ஒன்பதாயிரத்து நானூறு.
மழைக்கு மறுநாளும் அதே.
இருபத்தாறாம் நாள், ஒன்பதாயிரத்து நூற்றுப் பத்து.
குடிக்க ஆகாது.
பேரீச்சைக்கு ஆகும், ஒருவேளை.

தவணை இன்னும் வரவில்லை.
நேற்றிரவு அளவுப் புத்தகத்தைத் திருப்பினேன்.
நூற்றுக்கு முப்பத்தெட்டு,
நான் கழித்து எறிந்த காற்று.
அந்த இருபத்திரண்டு நிமிடமும்
வேலை பார்த்தது அதுதான்.
கூலி போடாத ஆள்.

வெள்ளிக்கிழமை, விடுமுறை.
ஐந்தாவது அணையின் மூலையில்
குல் ஜமீன் கல்லை நீட்டுகிறான்,
சேவுகன் நீளவாக்கில் உள்ளே செருகுகிறான்.
அளக்க வா என்று
கடப்பாரையால் பாறையைத் தட்டுகிறான்.
டேப்பை எடுக்காமல் போகிறேன்.